குடை மடக்கிய தெரு

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, பதுளையில் என் அக்காள் புருஷனுக்கு ஒரு துணிக்கடை இருந்தது. வியாபாரம் பழகிக்கொள் என்று மதுரைப் பக்கத்திலிருந்து என்னைக் கப்பலேற்றி அங்கே அனுப்பினார்கள். எனக்கு அது வராது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. சேலை எடுக்க வந்த ஓர் அம்மாளிடம், "இந்தச் சாயம் போகவே போகாதும்மா, தண்ணியில போடாத வரைக்கும்" என்றேன். அவர் சிரித்தார், சேலை எடுக்கவில்லை. மறுநாள் அத்தான் கடை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டார்.

"மாப்ளே, நீ இங்க உக்காந்து தெருவப் பாத்துக்க. வாய மட்டும் தெறக்காத."

மூன்று மாதம் தெருவைப் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். காலையில் அப்பம் சுடும் சிங்களப் பெண் அடுப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவாள். ஹாலிஎலப் பக்கமிருந்து வரும் மாட்டுவண்டிகள் முனையில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும். வண்டிக்காரர்கள் மாட்டைத் திட்டுகிற சாக்கில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனங்கள் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு இறங்கி வருவார்கள். எதிரே வெற்றிலைக் கடை அம்மாள் என்னைப் பார்த்து, "தெரு பத்திரமா இருக்கா தம்பி? யாராச்சும் தூக்கிட்டுப் போயிடப் போறாங்க" என்பார்.

அந்தத் தெருவில் எனக்குப் பிடிபடாத வழக்கம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரத் துரை யாராவது குதிரையில் வந்தால் எல்லோரும் குடையை மடக்கி ஓரமாக நிற்பார்கள். தோட்டத்தில் அது கட்டளை. கடைத்தெருவில் யாரும் கட்டளையிட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் மேல்முனையில் ஒரு குடை மடங்கினால் போதும், கீழ்முனை வரை வரிசையாக மடங்கிக்கொண்டே வரும். கொட்டுகிற மழையிலும் அப்படித்தான்.

"நானா இருந்தா மடக்க மாட்டேன்" என்றேன் அத்தானிடம்.

"ஒனக்கு ஏது குடை?" என்றார்.

அந்த ரோசத்தில் ஒரு குடை வாங்கினேன்.

நாலாம் நாள் நல்ல மழை. புதுக்குடையைப் பிடித்துக்கொண்டு வெற்றிலை வாங்கத் தெருவைக் கடந்தேன். நடுத்தெருவுக்குப் போயிருப்பேன், மேல்முனையில் குடைகள் மடங்கத் தொடங்கின. வெள்ளைத் தொப்பி, காக்கிக் கோட்டு, சிவப்புக் குதிரை. என் கை எப்போது குடையை மடக்கியது என்று எனக்கே தெரியாது. மடக்கியதோடு நிற்கவில்லை. வழிவிடுகிறேன் என்று சாக்கடையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, மற்றவர்களைவிட ஒரு முழம் அதிகமாகவே குனிந்தேன். அப்படிக் குனிந்ததால்தான் அதைப் பார்த்தேன். ஏறியவன் கால் வைக்கும் அங்கவடியில் இருந்தது பூட்ஸ் இல்லை. சேறு அப்பிய, விரல் விரிந்த வெறுங்கால்.

அவன் தோட்டத்துத் துரை ஒருவரின் குதிரைக்காரன். லாடம் அடிக்கக் குதிரையையும், வார் தைக்கத் தொப்பியையும் கொண்டுவந்தவன். குதிரைக்காரன் குதிரையோடு ஓடலாம், ஏறக்கூடாது. துரை கழித்துப்போட்ட பழைய கோட்டு உடம்பில் இருந்தது; மழைக்குத் தொப்பியையும் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டான்.

அவன் கடந்துபோன பிறகு அந்தக் குதிகால்களைத் தெரு முழுவதும் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. குடைகள் மெதுவாக விரிந்தன. வெற்றிலைக் கடை அம்மாள் எனக்கு வெற்றிலையைக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நிஜத் துரையே வந்தார். தொப்பிக்குள் தேங்காயெண்ணெய் வாடை அடித்ததாம். அதை மாட்டியவன் குதிரையிலும் ஏறியிருப்பான் என்று சந்தேகம். அவர் குதிரைமேல் இருக்க, தோட்டத்துப் பெரிய கங்காணி கடை கடையாக ஏறி விசாரித்தார். குதிரைக்காரன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் நின்றான். ஏறினான் என்று ஒரு வாய் சொன்னால் போதும். அன்று மாலையே பெண்டாட்டி பிள்ளைகளோடு தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து அறையைக் காலி பண்ண வேண்டும். போகலாம் என்று தோட்டத்தில் எழுதித் தரும் துண்டுச்சீட்டு இல்லாமல் விரட்டப்பட்டவனை வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள்.

"மழைங்க, ஒண்ணும் தெரியலீங்க" என்றார் அப்பம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரர்.

"நான் அன்னைக்குக் கடையே தெறக்கல" என்றார் வெற்றிலைக் கடை அம்மாள். அன்றைக்கு அவர் கொடுத்த வெற்றிலையைத்தான் நான் மென்றேன்.

எல்லோருக்கும் அவன்மேல் இரக்கம் என்று நினைத்து எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. பிறகு யோசித்தேன். அவன் ஏறினான் என்று சொல்கிறவன், அவனுக்குக் குடை மடக்கினேன் என்றும் சொல்லியாக வேண்டுமே.

கங்காணி எங்கள் கடைக்கு வந்தார். "தம்பி, நீங்கதான் நாள் பூரா வாசல்ல உக்காந்திருக்கீங்களாமே. இவன் குதிரையில ஏறிப் போனானா?"

அத்தான் கல்லாவிலிருந்து என்னையே பார்த்தார். சாவு வீட்டில்கூட வேடிக்கைப் பேச்சை அடக்கத் தெரியாதவன் நான். இப்படி ஒரு கதை என் ஆயுளில் எனக்குக் கிடைத்ததில்லை. இரண்டு நாளாக அது என் தொண்டையில் நின்றது.

"இல்லீங்க ஐயா. கடிவாளத்தப் புடிச்சுக்கிட்டு நடந்துதான் போனான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"அவன் காலையே பாத்தேங்க."

கங்காணி திரும்பிப் போய்த் துரையிடம் ஏதோ சொன்னார். துரை குதிரைக்காரனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குதிரையைத் திருப்பினார். அவன் பின்னாலேயே ஓடினான்.

"ஒனக்கு வியாபாரம் வரும்போல இருக்கே மாப்ளே" என்றார் அத்தான்.

அடுத்த ஞாயிறு குதிரைக்காரன் கடைக்கு வந்தான். பிள்ளைக்குச் சட்டைத் துணி கேட்டான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லாரும் குடைய மடக்குனப்ப எப்படிப்பா இருந்துச்சு? ராசா மாதிரியா?"

அவன் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கொல நடுங்கிருச்சுங்க. மொதக் கொட மடங்குனதுமே குதிச்சிரலாம்னு பாத்தேன்."

"ஏன் குதிக்கல?"

"கீழ எறங்கித் தொப்பியக் கழட்டுனா நீங்கள்லாம் என்னய விட்டுருப்பீங்களா சின்ன மொதலாளி? தொர வந்து கேட்டா அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல இந்தத் தெருவத் தாண்டுனாப் போதும்னு இருந்துச்சு."

விட்டிருப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். சாக்கடையில் முழங்கால் நனைய நின்ற என்னை எனக்கு நன்றாகத் தெரியும். அவன்மேல் விழுகிற முதல் அடி என்னுடையதாகவே இருந்திருக்கும். அவனுக்காக ஒரு பொய் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எனக்காக இன்னொன்று வேண்டாமென்று கத்தரியை எடுத்துத் துணியை வெட்டினேன்.