நான் அழித்த டவுன்

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பிறக்கவிருந்த ஒரு டவுனைப் பிறக்கவிடாமல் அழித்தவன் நான்தான் என்று முப்பத்தைந்து வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எங்கேயாவது சிவப்புப் பெயின்ட் வாசம் அடித்தால் ரோட்டின் மறுபக்கம் மாறித்தான் நடப்பேன். ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு இது கௌரவமான வியாதி இல்லை.

தெரணியகலையில் பஸ் ஏறி, அது திரும்பும் இடத்தில் இறங்கி, ரப்பர் மலையைச் சுற்றி நடந்தால், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை அறைகளான எங்கள் லயம். நகரங்கள் ஆற்றங்கரையிலும், பாதைகள் கூடுமிடத்திலும், சந்தை கூடுமிடத்திலும் தோன்றின என்று ஆறாம் வகுப்பில் சமூகக்கல்வி வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. எங்களுக்கு ஆறு இருந்தது, பாதை இருந்தது, ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்தில் சம்பளத்தன்று கருவாடும் வளையலும் விற்கிற சந்தைகூட இருந்தது. அப்படியானால் டவுன் எங்கே என்று எழுந்து கேட்டேன்.

"நீ மொதல்ல மூக்கத் தொடைடா, டவுன அப்புறம் பாப்பம்" என்றார்.

அடுத்த வாரமே டவுன் வந்தது. நில அளவைக்காரர்கள் மூன்று பேர், முக்காலியோடும் சங்கிலியோடும் வந்து, லயத்துக்குக் கீழே சரிவில் இரண்டு வரிசையாக முளைக்கட்டைகள் அடித்து, அவற்றின் தலையில் சிவப்புப் பெயின்ட் பூசி நம்பர் போட்டார்கள். எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை; லயத்து ஆட்கள் கேள்வி கேட்கிற வழக்கம் அப்போது கிடையாது. தொழிற்சங்கத் தலைவர்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டு அறிவித்தார்: "ஆளுக்கொரு வீடு வருதுங்க. ரெண்டு பக்கமும் வீடு, நடுவுல ரோடு. டவுன் மாதிரி!"

எங்கள் "காம்பிரா" பதினேழாம் நம்பர். ஒற்றை அறை, ஒற்றைக் கதவு, ஜன்னல் கிடையாது, சித்தப்பா குடும்பத்தோடு சேர்த்து ஒன்பது பேர். அம்மா சரிவில் இறங்கிப் பதினேழாம் கட்டையைத் தேடிப்பிடித்து, அதன் பக்கத்தில் நின்று, இங்கே குசினி, இங்கே ஜன்னல் என்று காற்றில் கையாலேயே சுவர் எழுப்பினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் கட்டை நின்றதோ அட்டை மொய்க்கும் சதுப்பில், பொதுக் கக்கூஸை ஒட்டி. அம்மாவின் முதல் ஜன்னல் கக்கூஸைப் பார்ப்பதா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, பஸ் ரோட்டோரம் கொண்டுபோய் நட்டேன். பக்கத்தில் ஒரு சினிமாக் கொட்டகைக்கும் இடம் விட்டேன். எனக்கு அப்போதே தொலைநோக்கு உண்டு.

மறுநாள் வந்த அளவைக்காரர், "கவுத மே கூஞ்ஞய கெலெவ்வே?" என்று, கட்டையைப் பிடுங்கியவன் யாரென்று சிங்களத்தில் போட்ட சத்தம் ஸ்டோர் என்கிற ரப்பர் ஆலை வரைக்கும் கேட்டது. விறகுக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த நான், இரத்தினபுரிக் கோர்ட்டில் எனக்குத் தூக்கு என்று தீர்ப்பெழுதி, கடைசி ஆசையாக மீன் அடைத்த மாலுபாண் ஒன்று கேட்பதா இரண்டு கேட்பதா என்பதுவரை யோசித்துவிட்டேன். அவர்கள் சாமானைக் கட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவேயில்லை.

"எவனோ எடுபட்ட பய கட்டையப் புடுங்கிட்டான், அதான் வீடு போச்சு" என்று தலைவர் பெரட்டில் சொன்னபோது, எல்லாரோடும் சேர்ந்து நானும் அந்தப் பயலை வாய்நிறையத் திட்டினேன். மிச்சக் கட்டைகள் ஒவ்வொன்றாக அடுப்புக்குப் போயின. ஒரு டவுன் முழுவதையும் எரித்துத் தேத்தண்ணி குடித்தோம்.

பிறகு வேலைக்கென்று இரத்தினபுரி, கொழும்பு என்று அலைந்த காலத்தில், டவுன்கள் நிஜமாகவே எப்படிப் பிறந்தன என்று கவனித்தேன். கவனிக்கக் கவனிக்கக் கோபம்தான் வந்தது. ஒருவன் ரோட்டு முடக்கில் பெட்டிக்கடை போடுகிறான். மழைக்கு ஒரு தகரத்தை ரோட்டுப்பக்கம் நீட்டுகிறான். தகரத்தின் கீழ் சுவர் வருகிறது, சுவர்மேல் மாடி வருகிறது. பக்கத்தில் மச்சான் சலூன் திறக்கிறான். சாக்கடைக் கானும் சட்டமும் பின்னால் மூச்சிரைக்க ஓடிவருகின்றன. யாரும் வரைந்து கட்டியதில்லை. வரைந்து கட்டியது எங்கள் தோட்டத்தைத்தான்: உச்சியில் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா, அதற்குக் கீழே ஆபீஸ் ஐயாமார் குவார்ட்டர்ஸ், பிறகு ஸ்டோர், எல்லா அழுக்கும் வந்து சேரும் அடியில் லயம். எந்த அடுப்பில் எத்தனை மணிக்குப் புகை எழுகிறது என்று துரை வெராண்டாவில் உட்கார்ந்தே பார்க்கலாம். இத்தனை கச்சிதமான திட்டத்தில், ஒரு சுவரை ஒரு முழம் தள்ளிக் கட்டிக்கொள்ள எங்களில் ஒருவனுக்கும் உரிமை இல்லை. அப்பா எங்கள் "இஸ்தோப்பில்", அதாவது வாசல் தாழ்வாரத்தில், சாரலுக்கு ஒரு தகரம் இறக்கினார். மறுநாளே ஆள் அனுப்பிக் கழற்றிப்போட்டார்கள். ஆறும் சந்தையும் இருந்து என்ன பிரயோசனம்? தகரத்தை நீட்ட விடாத இடத்தில் நூறு வருஷம் ஆனாலும் லயம்தான் இருக்கும்.

இப்போது ஸ்டோர் இடிந்துவிட்டது. ரப்பர் மலையில் பாதி முள்ளுத்தேங்காய் என்கிற எண்ணெய்ப்பனை, பெரட்டுக்களத்தில் புல். பதினேழாம் காம்பிராவில் அம்மா இருக்கிறார். போன மாதம் அவருக்கு ஒரு வதிவிடக் கடிதம் வாங்கத் தோட்ட ஆபீசுக்குப் போனபோது, பெரிய கிளாக்கர் பழைய வரைபடங்களை விரித்தார். அந்தச் சரிவும், இரண்டு வரிசைப் புள்ளிகளும், நம்பர்களும் இருந்தன. லயத்தைக் காணோம். வரையவேயில்லை. மூலையில் இருந்த குறிப்பைக் கிளாக்கர் வாசித்துச் சொல்ல, கேட்டுக்கொண்டு நேரே அம்மாவிடம் வந்தேன்.

"அம்மா, அன்னைக்கிக் கட்டையப் புடுங்கினது நாந்தான்."

அம்மா அரிசியிலிருந்து தலை தூக்கவில்லை. "தெரியும்டா. நீ நட்ட எடத்துலேர்ந்து நான் இன்னும் ரெண்டு முழம் தள்ளி வச்சேன். குசினிக்கு எடம் பத்தல."

கிளாக்கர் வாசித்த குறிப்பின்படி, அவை வீட்டுக்கு அடித்த கட்டைகளே இல்லை. பங்களாவுக்குக் கார் போக ஒரு பாதை அளந்திருக்கிறார்கள். சரிவு சதுப்பு என்று கண்டு கைவிட்டிருக்கிறார்கள். மறுவருஷம் மலையின் மறுபக்கமாக அந்தப் பாதையைப் போட்டார்கள். அதற்குக் கல் சுமந்தவர்களில் அம்மாவும் ஒருவர்.