சேறு மிதிக்கும் வழக்கம்

உப்பங்கழியில் சுற்றுலாப் படகு ஓட்டும் மொட்டைக்கு, பறவை பார்க்க வருகிறவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பூநாரைக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று தங்களையே படம் பிடித்துக்கொள்ளும் கூட்டம் அது.

ஒருநாள் நீர் வடியும் நேரத்தை மறந்து, படகைச் சேற்றில் செருகிவிட்டார். தப்பை ஒத்துக்கொள்ள அவர் என்ன இளிச்சவாயரா? "எல்லாரும் எறங்கித் தள்ளுங்க. இங்க வர்றவங்க சேத்த மிதிக்கணும், அது எங்க பரம்பரை வழக்கம்" என்று அளந்துவிட்டார். அத்தனை பேரும் முழங்கால் சேற்றில் இறங்கி, பயபக்தியோடு தள்ளினார்கள்.

"அறிவுகெட்ட ஜென்மங்க" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த மாதமே படகுத்துறையில் சுற்றுலாத் துறையின் பலகை ஒன்று முளைத்தது: 'சேறு மிதித்தல் - இப்பகுதியின் தொன்மையான மரபு.'

இன்று கழி நிறையத் தண்ணீர். படகு வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பியது. தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி இறங்கவே மாட்டேன் என்றாள். "சேறு எங்கங்க? பலகையில போட்டிருக்கே, ஏமாத்தப் பாக்குறீங்களா?"

சுற்றுலாத் துறை அதிகாரி ஓடிவந்தார். "உங்க மரபை நீயே மதிக்கலன்னா எப்படிய்யா?"

முப்பது வருடம் சேற்றுக்குத் தப்பி ஓட்டிய மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு, படகைத் திருப்பிச் சேறு தேடிப் போனார். பலகையின் கடைசி வரிப்படி, அதில் முதலில் இறங்க வேண்டியவர் படகோட்டி.