ஆறாட்டு நாள் விமானம்

துபாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் நாலு மணி நேரம். இதை எனக்கு மனப்பாடம் ஆக்கியவன் அண்ணன். எப்போது வருகிறாய் என்று கேட்டால், "நாலு மணிக்கூர்தானேடா, நெனச்சா வந்துடுவேன்" என்பான். நினைத்து முடிக்க அவனுக்கு ஆறு வருடம் போதவில்லை.

அப்பா விமானம் ஏறியதே இல்லை. ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை ஓடுபாதையைச் செருப்பில்லாமல் நடந்து கடந்திருக்கிறார். பத்மநாபன் கடலில் நீராட எழுந்தருளும் ஆறாட்டு ஊர்வலம் விமான நிலையத்துக்குள் புகுந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அது போய்த் திரும்பும்வரை, சாயங்காலம் ஐந்து மணி நேரம், எந்த விமானமும் இறங்காது. எங்கள் வலியசாலைத் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி இது. கோவில் அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா, ஓய்வு பெற்ற பிறகும் ஊர்வலத்தை விட்டதில்லை.

போன ஐப்பசியில் அவர் படுத்த படுக்கை. டாக்டர் கையை விரித்து, வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார். மூத்தவன் வந்தானா என்பது ஒன்றுதான் அப்பாவின் கேள்வி. அண்ணனுக்கு போன் செய்தேன். நாளைக்குக் காலை விமானமா, மத்தியான விமானமா என்று கேட்டான். "மத்தியானமே போரும், அஞ்சரைக்கு எறங்கிடலாம்" என்று சொன்னது நான்தான். அப்பா போகாத வருடம் என்பதால் ஆறாட்டு வீட்டில் ஒருவருக்கும் நினைவில் இல்லை.

மறுநாள் பகலில் அண்ணன் அழைத்தான். "ஃப்ளைட்டை அஞ்சு மணிக்கூர் தள்ளிட்டாடா. என்ன காரியம்னு தெரியலை."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இவன் வருவதென்றால் விமானம்கூட முரண்டு பிடிக்கும் என்று முணுமுணுத்தேன். அப்பா காதில் அது விழுந்துவிட்டது.

"இன்னிக்கு ஆறாட்டாக்கும். எப்படிடா எறங்கும்?"

மத்தியான விமானமே போதும் என்று சொன்னவன் நான்.

அவர் திட்டவில்லை. கண்ணை மூடி, படுத்தபடியே ஊர்வலத்தோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். ஐந்து மணி தாண்டியதும், "பெருமாள் பொறப்பட்டாச்சு" என்றார். சற்றுப் பொறுத்து, "ரன்வே தாண்டியாச்சு." ஏழு மணி சுமாருக்கு, "கடல்ல ஆறாட்டு ஆச்சு. இனித் திரும்பி வந்து ரன்வே தாண்டணும். தாண்டிட்டா அவன் எறங்கிடலாம்." அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. ஊர்வலம் திரும்பி ஓடுபாதைக்கு வருமுன் மூச்சு நின்றுவிட்டது.

அண்ணன் வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். என்னால் அடக்க முடியவில்லை. "தப்பு என்னோடது. ஆறாட்டுன்னு மறந்துட்டேன். காலம்பற ஃப்ளைட்ல வரச் சொல்லியிருந்தா நீ பாத்திருப்பே" என்றேன்.

அவன் அப்பாவின் பாதத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீ ஒரு நாள் மறந்தே. நான் ஆறு வருஷமா நாலு மணிக்கூர், நாலு மணிக்கூர்னு சொல்லிண்டு அங்கேயே இருந்துட்டேனேடா."

இத்தனை வருடமாக அவன் முகத்துக்கு நேரே சொல்ல நான் துடித்த வார்த்தை அது. அவன் வாயாலேயே வந்தபோது எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை.