நான் எழுதி ஜெயராஜ் பேசியது

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும் பஸ்ஸில் ஜெயராஜைப் பார்த்தேன். கூடவே அவன் மகள், கம்ப்யூட்டர் படிக்கிறாளாம்.

தொண்ணூறுகளில் இந்தப் பக்கத்துப் புரோகிராமர்கள் பத்துப் பதினைந்து பேர், மாதம் ஒரு ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் கூடுவோம். ஒருவர் பேசுவார். அவர் முந்தின வாரமே தன் புரோகிராம் உள்ள பிளாப்பியைக் கொடுத்து, அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

என் முறை வந்தது. பாதியில் கரண்ட் போனால் பைல் கெடாமல் காப்பாற்ற, நான் வேலை பார்த்த ராஜபாளையம் மில்லில் மூன்று மாதம் மண்டையை உடைத்து ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். எனக்கு ஷிப்ட் இருந்ததால் பிளாப்பியை, கூட்டத்துக்கு வரும் ஜெயராஜிடம் கொடுத்தனுப்பினேன்.

ஞாயிறு போய்ப் பார்த்தால், கரும்பலகையில் தலைப்பு என்னுடையது, பேர் அவனுடையது.

"நீ வரமாட்டேன்னு நெனச்சேம்லே" என்றான்.

எல்லார் முன்னாலும் சண்டை வேண்டாம் என்று முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் பேசினான், நடுவில் முழித்தான். எடுத்துக்கொடுத்தது நான்.

இன்று மகளிடம் சொல்கிறான்: "அப்பா கூட்டத்துல பேசுதப்ப இந்த மாமா முன்னால உக்காந்து கேப்பாரு."

"என்னப்பா பேசுனீங்க?"

யோசித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "ஏலே, அன்னைக்கு நான் என்னத்தப் பேசுனேன்? நீ சொல்லேன்."

சொன்னேன். ராஜபாளையம் வரும்வரை, ஒன்று விடாமல்.

நான் இறங்கும்போது அந்தப் பெண் சொன்னாள்: "அப்பா பேசுனத இம்புட்டு ஞாபகம் வச்சிருக்கீங்களே மாமா."

"ஆமாம்மா" என்றேன்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?