வாய்ப்பாடு அக்கா

கணினி காட்டும் பிழைச் செய்தியை அவர் வாய்விட்டுத்தான் படிப்பார். திரையில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, தூரத்து உறவினர் எழுதிய கடிதம் போல. இரண்டாம் முறை படித்த பிறகே விசைப்பலகை பக்கம் கை போகும். "அது பொய் சொல்லாது. நமக்குத்தான் காது கொடுத்துக் கேக்கப் பொறுமை கிடையாது" என்பார். அலுவலகத்தில் அவருக்கு வாய்ப்பாடு அக்கா என்று பெயர்.

ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம். பதினெட்டு வருடமாக அங்கே ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறார். மூக்குக்கண்ணாடி தலைமேல் இருக்கும், மேசைமேல் தேடிக்கொண்டிருப்பார். கடைக்குப் போகும் கணவரிடம் கொடுக்கும் சீட்டில்கூட, 'பல்பு ஒன்று (திருகுவது, சொருகுவது வேண்டாம்)' என்றுதான் எழுதுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. மென்பொருளின் புதிய பதிப்பு போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்திலிருந்து தொலைபேசி. ஓர் அறிக்கையும் வரவில்லையாம். அறுவை சிகிச்சைக்குத் தயாரான ஒருவர் முடிவுக்காகப் படுத்திருக்கிறாராம்.

குழுத் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "இது யார் பண்ண வேலை?"

"நான்தான்." அக்கா திரும்பவில்லை. "வெள்ளிக்கிழமை எழுதினேன். முதல்ல பழசைத் திரும்பப் போடுங்க, ரிப்போர்ட் போகட்டும். அப்புறமா திட்டுங்க."

பழைய பதிப்பு திரும்பியது. பத்து நிமிடத்தில் ஆய்வுக்கூடப் பெண் அழைத்தாள்: "வந்துடுச்சு மேடம். அவரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க." அக்கா ரிசீவரை வைத்தார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அறிக்கையை உருவாக்கும் நிரல்துண்டான கன்ஸ்ட்ரக்டர், எத்தனை பரிசோதனை முடிவு கொடுத்தாலும் ஒரே பட்டியலாக வாங்கிக்கொள்ளும்படி அவர் எழுதியிருந்தார். எந்த வகை அறிக்கை என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். அப்போது அந்த வகையின் பெயரை வைத்து அதன் கன்ஸ்ட்ரக்டரைத் தேடிப் பிடித்து அழைக்க வேண்டும். ரிஃப்ளெக்ஷன் என்பது அதுதான். அப்படி அழைத்த இடத்தில்தான் தகராறு.

"எண்ணிக்கை தப்பாம்" என்று பிழைச் செய்தியைப் படித்தார் அக்கா. "எத்தனை வேணா வாங்கிக்கிறவன் எதுக்கு எண்ணிக்கை பேசறான்?" மறுபடி படித்தார். பாதியில் நிறுத்தினார். "இவன் இல்ல. நடுவுல இருக்கறவன் பையைப் பிரிச்சுட்டான்."

"புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் தலைவர்.

"மூணு முடிவை ஒரே பையில போட்டுக் கொடுத்தேன். கூப்பிட்டுக் கொடுக்கறவனும் எத்தனை வேணா வாங்கற ஆளு. பை தனக்குத்தான்னு பிரிச்சு, மூணையும் தனித்தனியா நீட்டிட்டான். அந்தப் பக்கம் ஒரே ஒரு பைக்காக நிக்கறான்."

"அதுக்கு?"

"பைக்குள்ள பை. வெளிப்பையை இவன் பிரிச்சுக்கட்டும். உள்பை முழுசா போய்ச் சேரும்."

ஒரே வரி மாற்றம். மூன்று முடிவுகளும் ஒரே அறிக்கையில் வரிசையாக வந்து நின்றன. தலைவர் மூச்சு விட்டார். "அப்ப சாயங்காலம் அனுப்பிடலாம்ல?"

"இருங்க. ஒரு முடிவுகூட இல்லாம வெறும் பையா வந்தா?"

தலைவர் பதில் சொல்வதற்குள், அக்கா பட்டியலிலிருந்த மூன்று முடிவுகளையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, வெறும் பட்டியலை உள்ளே வைத்து, ஓடவிட்டார்.