இரண்டு நீள மணி, ஒரு குட்டை மணி

தொலைபேசி அடித்தால் வெர்னா ஹாகன் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். பேச மாட்டார். யாரோ தூங்குகிற அறை வாசலில் நிற்பவரைப் போலக் கண்ணை மூடிச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்று மூச்சு விடும் நேரம். பிறகுதான் "ம், சொல்லு" என்பார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், காத்திருப்பார்கள். காப்பீடு விற்கிறவர்கள் வைத்துவிடுவார்கள். அதில் அவருக்கு வருத்தமில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. பேச்சு நோய், கல்யாணம், சண்டை என்று அந்தரங்கமாகத் திரும்பினால், தொலைபேசியின் வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பேசுவார். மறுமுனைக்குக் கம்பளிக்குள்ளிருந்து வருகிற குரல் மாதிரிக் கேட்கும். "வெர்னா, ஒண்ணும் விளங்கல" என்று கத்துவார்கள். கையை எடுக்க மாட்டார். குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்துவார்.

நான் இந்த வட்டாரத் தொலைபேசிக் கூட்டுறவில் இருபத்தாறு வருடமாகக் கம்பி பார்க்கிறவன். மேற்கு மினசோட்டாவின் இந்த மூலையில் அவரளவுக்குப் புகார் கொடுத்தவர் யாரும் இல்லை. புகார் எப்போதும் ஒன்றுதான். "எல்டன், உன் கம்பி ரொம்பச் சுத்தமா இருக்கு. உள்ள ஒரு ஈ காக்கா இல்ல." நான் போவேன். சுவரில் இருக்கும் பெட்டியைக் கழற்றி, மறுபடி மாட்டுவேன். இந்தப் பக்கத்து நார்வேக்காரர்கள் வழக்கப்படி முட்டை உடைத்து ஊற்றிக் காய்ச்சிய காபியைக் குடிப்பேன். 'பழுது இல்லை' என்று எழுதிவிட்டு வருவேன்.

எண்பத்து நாலு வயது. நெடிய, எலும்பான உடம்பு. செத்துப்போன கணவர் ஆர்வில்லின் கம்பளிச் சட்டையைக் கையை மூன்று மடிப்பு மடித்துப் போட்டிருப்பார். சமையலறை சன்னலோரம் ஒரு முக்காலி. அதற்கு எதிரே தொலைபேசி. சன்னலுக்கு வெளியே வயல். பனிக்காலத்தில் வயலும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். கம்பம் மட்டும் கறுப்பாக நிற்கும். வெயில் இல்லாத பிற்பகலில் அங்கே உட்கார்ந்திருந்தால், பேசுவது நாமா, கம்பியா என்று குழப்பமாக இருக்கும்.

அவர் கல்யாணமாகி வந்தபோது எட்டு வீட்டுக்கு ஒரே கம்பி. யாருக்கு அழைப்பு வந்தாலும் எட்டு வீட்டிலும் மணி அடிக்கும். மணியின் கணக்கை வைத்துத்தான் யாருக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஹாகன் வீட்டுக்கு இரண்டு நீளம், ஒரு குட்டை. அடுத்த வீட்டு அழைப்பை எடுத்துக் கேட்கக் கூடாது என்று கூட்டுறவுப் புத்தகத்தில் போட்டிருந்தது. எல்லோரும் எடுத்துக் கேட்டார்கள். வெர்னாவின் அக்கா லூயெல்லா நாலு மைல் கிழக்கே இருந்தார். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு இருவரும் பேசுவார்கள்.

ஆர்டிஸ் நெல்விக்கை நாட்டில் நாவல் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு அவர் அந்த எட்டு வீட்டில் ஒன்றான நெல்விக் வீட்டு நடுப் பெண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருடக் குளிர்காலத்தில் அவருக்குப் பதினொரு வயது. மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தைத் தொட்டுவிட்டது. எழுந்து நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சூடாக இருக்கட்டும் என்று அவருடைய அம்மா கட்டிலைச் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் போட்டார். கட்டிலுக்கு மேலே சுவரில் தொலைபேசி.

"ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சுட்டேன்" என்பார் வெர்னா. "அந்தப் பிள்ளை மூச்சு விட்டா கடைசியில சின்னதா ஒரு விசில் வரும். நல்லாத் திட்டணும்னு இருந்தேன். அன்னிக்குப் பாத்து, டொலெஃப்சன் வீட்டுப் பன்னி சர்ச்சுக்குள்ள புகுந்த கதைய லூயெல்லாகிட்டச் சொல்றேன். விசில் நின்னுபோச்சு. அப்புறம் மூக்கால ஒரு சிரிப்பு. லூயெல்லா ஒருநாளும் அப்படிச் சிரிச்சதில்ல. அப்புறம் என்ன, பன்னிய இன்னும் ரெண்டு நாள் சர்ச்சுலயே வச்சிருந்தேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படிப் போனது. பனி சன்னல்வரை ஏறிக் கிடக்கும். கம்பி ரீங்காரமிடும். ஒருத்தி சொல்வாள், ஒருத்தி "ம்" கொட்டுவாள், இல்லாத மூன்றாமவள் மூச்சு விடுவாள். எங்கே நிறுத்த வேண்டும், யாரை இன்னும் ஒரு நிமிடம் வாசலில் நிற்க வைக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த விசில்தான் தனக்குச் சொல்லிக்கொடுத்தது என்கிறார் வெர்னா.

நூலகத்தில் 'ஆர்டிஸை உருவாக்கியவை' என்று பலகை மாட்டி ஒரு மூலையை ஒதுக்கியிருக்கிறார்கள். நார்வே மொழி பைபிள், பள்ளிக்கூட ஆசிரியையின் படம், வகுப்பில் இருந்த பழைய பூகோள உருண்டை. வெர்னாவைப் பற்றி ஒரு வரி இல்லை. திறப்பு விழாவுக்கு அவரும் வந்திருந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "உருண்டை நல்லா இருக்கு" என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் அவர் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். காபி கொடுப்பார். "ஆர்டிஸா? ஒல்லியா இருப்பா" என்பார். அவ்வளவுதான் கிடைக்கும்.

ஏன் என்று எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. ஆர்டிஸுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. செயின்ட் பால் நகரில் மகள் ஜோன் வீட்டில் இருக்கிறார். தாள் கொடுத்தால் இடது கையால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கிறுக்குகிறாராம்: இரண்டு நீளக் கோடு, ஒரு குட்டைக் கோடு. புரியாமல் மகள் அதை எங்கள் நூலகத்துக்கு அனுப்பினார். நூலகப் பெண் கம்பிக்காரனான என்னிடம் கொண்டுவந்தாள். எங்கள் அலுவலகக் கதவுக்குப் பின்னால் பழைய மணிக் கணக்குப் பட்டியல் இன்னும் தொங்குகிறது. பார்க்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு வெர்னா வீட்டுக்குப் போனேன். ஆர்டிஸால் பேச முடியாது, கேட்க முடியும், அழைக்கலாமா என்று மகள் கேட்கிறார் என்றேன். வெர்னா கோடுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வேண்டாம் என்றார். நான் ஏனென்று கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

ஆர்டிஸ் படுத்துக் கிடந்த அதே குளிர்காலத்தில் ஒரு நாள் வெர்னா சியாட்டிலுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ரயில் நிலையத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கணவரை விட்டுப் போவதாக முடிவு. ரயில் வந்தது, போனது. அவர் ஏறவில்லை. கடைக்குப் போனதாகத் தெரியட்டும் என்று ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். மறுநாள் மூன்று மணிக்கு அக்காவிடம் சொன்னார். சொல்வதற்கு முன் காது கொடுத்துக் கேட்டார். விசில் இல்லை. யாரும் இல்லை.

பதினெட்டு வருடம் கழித்து வந்த ஆர்டிஸின் முதல் நாவலில் ஒருத்தி ரயில் நிலையத்திலிருந்து ஆரஞ்சுப் பையோடு வீடு திரும்புகிறாள். கட்டில்மேல் எக்கி நின்று, தொலைபேசியின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஒரு சிறுமி அதைக் கேட்கிறாள். ஊரே படித்தது. ஊரே ஆரஞ்சைப் பற்றிப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டது.

"தினமும் கேட்டா. கேக்கட்டும்னுதான் சொன்னேன்" என்றார் வெர்னா. "அன்னிக்கு மட்டும் ஒளிஞ்சுக்கிட்டா. ஆர்வில் புத்தகம் படிக்கிற ஆள் இல்ல. எவனோ சொல்லியிருக்கான். ஒரு வார்த்தை என்னைக் கேக்கல. ஆனா அதுக்கப்புறம் நான் வெளிய போகக் கோட்டு எடுத்து மாட்டினா, 'வந்துடுவியா?'ம்பாரு. முட்டை குடுக்கப் போனாலும், 'வந்துடுவியா?' சாகிறவரைக்கும், பத்தொம்பது வருஷம்."

காபி ஆறிப்போயிருந்தது. தாளை மடித்துப் பையில் வைக்கப் போனேன். "அதை வச்சுட்டுப் போ" என்றார். இதையெல்லாம் எழுதலாமா என்று பின்னொரு நாள் கேட்டேன். "அவ எழுதினதுக்கு மேலயா நீ எழுதிடப் போற?" என்றார்.

மூன்று நாள் கழித்து அலுவலகத்துக்குப் புகார் வந்தது. "எல்டன், வியாழக்கிழமை மத்தியானம் வந்து கம்பியப் பாரு. மூணு மணிக்கு அது ஒழுங்கா இருக்கணும்." ஆர்டிஸின் மகளுக்கு நான் அவர் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் நேரத்தையும் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அவர் ஆர்வில்லின் சட்டையைப் போடவில்லை, சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமை மேற்சட்டை. நான் பெட்டியைக் கழற்றி மாட்டினேன். பழுது இல்லை. சன்னலுக்கு வெளியே பெரிய பெரிய செதில்களாகப் பனி அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. இப்போதெல்லாம் எல்லா மணியும் ஒரே நீளம்தான்.

எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அம்மாவின் காதில் வைக்கிறேன் என்று மகளின் குரல் மெல்லியதாக எனக்கும் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெர்னா கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மூச்சு ஆயிற்று. பத்து ஆயிற்று. கண்ணைத் திறந்தார். வாய்ப்பக்கத்தைப் பொத்திக்கொண்டு, "விசில் அப்படியே இருக்கு" என்று என்னிடம் சொன்னார்.

கையை எடுத்துவிட்டு ஆரம்பித்தார். "லூயெல்லா, இங்க பனி கொட்டுது" என்றார். லூயெல்லா இறந்து பன்னிரண்டு வருடம். சர்ச்சு விருந்துக்கு யார் வந்தது, யார் வராதது, மீன் எப்படிக் குழைந்துபோயிருந்தது என்று நிதானமாகப் போனார். டொலெஃப்சன் பன்னியை மறுபடி உள்ளே விட்டார். ஓர் இடத்தில் நிறுத்தினார். மறுமுனையில் என்ன நடந்ததோ, அவர் உதடு சிரிப்பில் கோணியது. அவர் குரல் நாலு மைல் தூரத்து அக்காவிடம் பேசும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் குரலாக மாறிக்கொண்டே வந்தது.

"அப்புறம் லூயெல்லா, அந்த ஸ்டேஷன்ல" என்றார். "உன்கிட்டச் சொல்லாதது ஒண்ணு இருக்கு."

உள்ளங்கை தானாகவே எழுந்து வாய்ப்பக்கத்தைப் பொத்தியது. அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மெதுவாக எடுத்தார். எடுத்த அந்தக் கையாலேயே எனக்கு வாசல் கதவைக் காட்டினார்.