என் தங்கச்சிக்கு மூளை வளர்ந்த கதை

இடுப்பு எப்பவுமே ஈரமா இருக்கும்... என் பாவாடையோட எடது பக்கம் காஞ்சி நான் பாத்ததே இல்ல. எல்லாம் இடுப்புலயே குந்தியிருந்த என் தங்கச்சி பாக்கியம் செஞ்ச வேலை.

எனக்குத் தொண்ணூத்தி நாலு ஆச்சி. நான் சொல்லச் சொல்ல பேரன் பொண்டாட்டி கவிதா டைப் பண்றா. தப்பு இருந்தா அவளக் கேளுங்க.

ஒலக்கூர் பக்கம் எங்க ஊரு. அப்பா அம்மா ரெண்டு பேரும் கூலி வேலை. பாக்கியம் பொறந்து மூணாம் மாசமே அம்மா நடவுக்குப் போயாவணும். புள்ளைய யாரு பாக்குறது? ரெண்டாம் கிளாஸ் படிச்சிக்கினு இருந்த என்ன நிறுத்திட்டாங்க. எனக்கு ஏழு வயசு. அந்தக் கோவம் பூரா அவ மேலதான்.

ஒரே பேஜாரு! அம்மா வேலி தாண்டினா போதும், அம்மாவே இல்லாம போயிட்ட மாதிரி கத்துவா. மரச்சொப்பு வெச்சி வெளையாடுவா. அது மேல ஒரு துணியப் போட்டு மூடினா தேடவே மாட்டா. கண்ணுல படலியா, அது கெடையாது. அவ்ளோதான் அவ கணக்கு.

நாலு வயசுல கூழுச் சண்டை...

கேப்பைக் கூழு அவளுக்கு ரெண்டு கரண்டி, எனக்கு ரெண்டு கரண்டி. அவளுது அகலமான சட்டி, என்னுது ஒசரமான டம்ளரு. "அக்காவுக்கு நெறைய!"ன்னு உருளுவா. அவ கண்ணு முன்னாடியே டம்ளர்ல இருந்து அதே மாதிரி சட்டிக்கு மாத்தி ஊத்திக் காட்டுவேன். "இப்ப கொறஞ்சி போச்சி"ம்பா. திரும்ப டம்ளர்ல ஊத்தினா, "இப்ப நெறைய"!

முதுகுல ரெண்டு வெப்பேன். வேற என்னா பண்றது?

அஞ்சு வயசுல ஒரு நாளு கூழுப் பானையவே ஒடச்சிட்டா. நல்லா சாத்தினேன். "நீ செத்துப் போ!"ன்னு கத்தினா.

மறுநாளே எனக்கு மலேரியா ஜொரம். மூணு நாளு நெனவே இல்ல. மாட்டு வண்டியில போட்டுத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனாங்க.

பொழச்சி வந்தா, இவ கிட்டயே வர மாட்டேங்குறா. சோறும் எறங்கல. இதுக்கும் ஜொரமோன்னு அம்மா அழுறாங்க. நடக்கவே தெம்பில்லாத நான் வைக்கப்போர் பின்னால போயி அவளப் புடிச்சேன்.

"இன்னாடி ஒனக்கு?"

"நான் சொன்னதாலதான ஒனக்கு ஜொரம் வந்துச்சி... கிட்ட வந்து திரும்ப எதாச்சும் நெனச்சிட்டா நீ செத்துடுவக்கா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... "அட மக்கு! நெனச்சா யாருக்கும் ஜொரம் வராதுடி! ஒன்ன நான் எத்தினி வாட்டி அப்டி நெனச்சிருக்கேன், நீ நல்லாத்தான இருக்க?"

அப்புறம் வந்து சாப்ட்டா.

பெறகு அவளப் படிக்கத் திண்டிவனத்துல ஹாஸ்டல்ல சேத்தாங்க. பன்னெண்டு வயசு இருக்கும், லீவுக்கு வந்தா. எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சி. நெல்லு குத்திக்கினு இருந்தேன்.

"அக்கா, நான் பொறக்காமயே இருந்திருந்தா நீ எது வரைக்கும் படிச்சிருப்ப?"

"நடக்காதத பத்தி இன்னாடி பேச்சு?"

"நடக்கலன்னா யோசிக்கக் கூடாதா? ஒனக்கு பதிலா ஒரு அண்ணன் இருந்திருந்தா, அவன நிறுத்தியிருப்பாங்களா?"

மொறத்துல பொடைச்சிக்கினு இருந்த அம்மா கை நின்னு போச்சி. கண்ணுல தண்ணி.

"கல்யாண வீட்ல அம்மாவ அழ வெக்கிறியேடி"ன்னு ஒலக்கையப் போட்டுட்டுப் பாய்ஞ்சேன்.

"நான் கேட்டேன். அவ்ளோதான்"னா. பயமே இல்ல.

சாயங்காலம் அம்மா என் தலைக்கு எண்ண வெச்சிக்கினே சொன்னாங்க. "ஒனக்குப் பொண்ணு பொறந்தா நிறுத்திடாத."

நான் நிறுத்தல. மூணு பொண்ணையும் படிக்க வெச்சேன்.

இப்ப கவிதா, அவ பொண்ணு என்னா அழிச்சாட்டியம் பண்ணாலும், போனப் பாத்து, "இந்த ஸ்டேஜ்ல அப்டித்தான் யோசிப்பாங்க ஆயா, நார்மல்"ங்கிறா. கை ஓங்குறதே இல்ல.

அப்ப எனக்கு இத யாராச்சும் சொல்லியிருந்தா, பாக்கியத்த ரெண்டு அடி கம்மியா அடிச்சிருப்பேன்...

சொன்னா மட்டும் எனக்குப் புரிஞ்சிருக்குமா? நானும் சின்னப் புள்ளதான.